ரீச்சர் வீட்டு வாளி

"நில்லும், நான் எடுத்துத் தாறன்."

ரீச்சரை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முதல் எனக்கு இந்த வசனம்தான் வரும். அதற்குப் பிறகு அவருடைய வலது கை வரும். மெலிந்த, நகம் ஒட்ட வெட்டிய, ஒற்றைத் தங்கக் காப்புப் போட்ட கை. அந்தக் கை எப்போதும் எதையாவது தந்துகொண்டே இருக்கும். தேத்தண்ணீர், மாம்பழம், பழைய புத்தகம், பழைய சட்டை, மன்னிப்பு.

போன மாதம் ரீச்சர் காலமானார். அவருடைய மகள் கனடாவிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். அதற்கு நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "அம்மா எல்லாரிட்டையும் உம்மைப் பற்றித்தான் பெருமையாய்க் கதைக்கிறவ. எங்கடை மெக்கானிக்கின்ரை பிள்ளை எஞ்சினியரிங் படிச்சிட்டுது எண்டு." எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது ஒரு பக்கம் போதாது என்று தெரிந்தது. எழுதினாலும் அவர்கள் போடமாட்டார்கள் என்றும் தெரிந்தது. ஆனாலும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். ரீச்சர் கார் ஓடுவார். கொக்குவிலில் அறுபது தாண்டிய வயதில் ஒரு பெண் தனியாகக் கார் ஓடிப்போனதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவருடைய தகப்பன் வாங்கிய சாம்பல் நிறப் பழைய இங்கிலாந்துக் கார். ஏ-ஃபோர்ட்டி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலையோடு, முதுகு நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் ஆராதனைக்குப் போவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்மும். வளர்ந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவர். குரலை உயர்த்தி ஒருநாளும் கதைத்ததில்லை. யாரையும் ஏசியதில்லை. இவ்வளவும் உண்மை.

அந்தக் காரின் வேலைகளைப் பார்த்தவர் என் அப்பா. மருதனார்மடம் சந்திக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு அப்பா எஞ்சின் வேலை செய்தார். ஆனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் காரை எங்கள் ஒழுங்கைக்கு அனுப்ப மாட்டார்கள். அப்பாவைத்தான் தங்கள் வீட்டு வளவுக்குக் கூப்பிடுவார்கள். அம்மா சனிக்கிழமைகளில் தோட்டத்துக்கு வெங்காயம் பிடுங்கப் போவதால், அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போவார். அப்படித்தான் ரீச்சர் வீடு எனக்குப் பழக்கமானது.

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா தன் பெயரை எழுத என்னிடம்தான் பழகினார். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். உயர்தரம், பல்கலைக்கழகம், இன்று தொழினுட்பக் கல்லூரியில் எஞ்சின் பிரிவுக்குப் போதனாசிரியர். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ரீச்சர் வீட்டில் எங்களுக்கு ஒரு பிளாஸ்ரிக் கோப்பை இருந்தது. கராஜ் சுவரில் ஆணியடித்து அதில் தொங்கும். பத்து மணிக்கு ரீச்சர் கேத்தலோடு வருவார். அப்பா கோப்பையை எடுத்து நீட்டுவார். ரீச்சர் ஒரு முழம் உயரத்திலிருந்து, ஒரு துளி சிந்தாமல் தேத்தண்ணீரை விடுவார். "இனிப்புக் காணுமோ? இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்பார். கேட்டுவிட்டு விடுவார். எங்கள் கோப்பையில் எப்போதும் நிறையத் தேத்தண்ணீர் இருந்தது. அந்த வீட்டில் கஞ்சத்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு ஒன்பது வயது. கறுத்தக்கொழும்பான் மாமரத்தடியில் ஒரு பழம் விழுந்து கிடந்தது. எடுத்தேன். ரீச்சர் விறாந்தையிலிருந்து இறங்கி வந்தார். கோபம் ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டுதான் வந்தார். "பிள்ளை, அதை இஞ்சை தாரும்" என்றார். கொடுத்தேன். கொண்டுபோய்க் கழுவினார். உள்ளே போய் இன்னும் இரண்டு நல்ல பழம் எடுத்தார். மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து என் கையில் தந்தார். "இனி வேணுமெண்டாக் கேளும். நான் எடுத்துத் தருவன்."

ஒன்றுக்கு மூன்று பழம் கிடைத்த சந்தோசத்தில் நான் வீட்டுக்குப் போனேன். ஏதோ பிழை என்று பிடிபட எனக்குப் பல வருடம் எடுத்தது. அந்த வளவில் நாங்கள் எதையும் எடுப்பதில்லை. எங்களுக்குத் தரப்படும். எடுப்பதற்கும் தரப்படுவதற்கும் இடையில் ரீச்சரின் கை இருக்கும். வேறு ஆட்கள் வந்தால் "இருங்கோ, சாப்பிடுங்கோ, உங்கடை வீடு மாதிரி நினையுங்கோ" என்பார். அவர்கள் மரத்தில் கை போட்டுப் பறிப்பார்கள், குசினிக்குள் போய்த் தண்ணீர் எடுத்துக் குடிப்பார்கள். எங்களுக்கு "நில்லும்."

கிணறும் அப்படித்தான். கராஜிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் கட்டுக்கிணறு. கப்பி, கயிறு, கயிற்றில் ஓர் இரும்பு வாளி. எங்கள் ஆட்கள் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்லை, அந்த வாளியைத் தொடுவதில்லை. சாதி என்ற சொல் அந்த வளவுக்குள் ஒருநாளும் ஒலித்ததில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதுமில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்றைக்கு எவ்வளவு சுகமாக இருக்கும். ரீச்சர் சொன்னதெல்லாம் "நில்லும், நான் அள்ளித் தாறன்" என்பதுதான். வேலை முடிந்து கையெல்லாம் கிறீசோடு அப்பா நிற்பார். எழுபது வயது மனுசி கயிற்றை இழுத்து அள்ளி ஊற்ற, நாற்பது வயதுத் திடகாத்திரமான ஆம்பிளை குனிந்து கை கழுவுவார். மதிலுக்கு மேலால் பார்க்கிற அயலவர்கள் சொல்வார்கள்: "ரீச்சரின்ரை மனசைப் பாருங்கோ."

நான் கணிதப் பிரிவு எடுத்தபோது ரீச்சர் தன்னிடம் கிடந்த இரண்டு பழைய பயிற்சிப் புத்தகங்களைத் தந்தார். பாடத்திட்டம் மாறி எத்தனையோ காலமாகியிருந்தது. அவற்றில் ஒரு கணக்குக்கூட எனக்கு உதவவில்லை. பரீட்சை முடிவு வந்த அன்று ரீச்சர் தெருவுக்கே சொன்னார்: "நான் குடுத்த புத்தகத்திலை படிச்ச பிள்ளை." என் பெறுபேற்றைக்கூட நான் எடுக்கவில்லை. அதையும் அவர்தான் எடுத்துத் தந்திருந்தார்.

இனிக் காரின் கதைக்கு வருகிறேன்.

பரீட்சைக்கு ஐந்தாறு மாதம் இருந்த நேரம் அது. அப்பா ரீச்சரின் காருக்கு வால்வு வேலை செய்து முடித்து, எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் அது கல்லாகப் படிந்து அடைத்துவிடும். அப்பா பல தடவை சொல்லியிருந்தார், மழைத்தண்ணீர் பிடித்து வைத்து, அதைக் காருக்கு விடுங்கோ என்று. ரீச்சர் சிரிப்பார். "எங்கடை கிணத்துத் தண்ணி ஊரிலையே திறம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். காருக்கு மட்டும் கூடாதோ?"

அன்றைக்கு எஞ்சின் கொதித்தது. மேல் ஹோஸ் குழாய் பிளந்து ஆவி சீறியது. அப்பா உடனே எஞ்சினை நிற்பாட்டினார். சாக்குத் துணியால் பிடித்து ரேடியேற்றர் மூடியை மெல்லமாகத் திறந்துவிட்டார். ஹோஸை வெட்டிப் பொருத்தி இறுக்கினார். பிறகு தள்ளி நின்றார். செய்ய வேண்டியது அவ்வளவுதான். பழுக்கச் சுட்ட எஞ்சினைத் தானாக ஆறவிட வேண்டும்.

சத்தம் கேட்டு ரீச்சர் வெளியே வந்தார். ஆவியைப் பார்த்தார். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கயிற்றைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, இப்ப வேண்டாம்" என்றார் அப்பா. "ஒரு அரை மணித்தியாலம் ஆறட்டும்."

"ஆறத்தானே தண்ணி. நில்லும், நான் விடுறன்."

"இல்லையம்மா, பச்சைத்தண்ணி பட்டா இரும்பு..."

"நீர் தள்ளி நில்லும். ஆவி அடிக்கும்."

அப்பாவைச் சுடக்கூடாதென்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் ரீச்சர். வாளியை ரேடியேற்றர் வாய்க்கு நேரே உயர்த்தினார்.

அப்பாவின் கை நீண்டது. நான் கண்ணால் கண்டேன். வாளியின் கைபிடியை நோக்கிப் போன கை, ஒரு சாண் தூரத்தில் நின்றது. கட்டிப்போட்ட மாதிரி நின்றது. இருபது வருடமாக அந்தக் கை தொட்டிராத வாளி அது.

நானும் மூன்றடி தூரத்தில்தான் இருந்தேன். சூடேறிய வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்று வினாத்தாளில் கேட்டிருந்தால் முழுப் புள்ளி எடுத்திருப்பேன். என் கை நீளவே இல்லை.

தண்ணீர் உள்ளே போனது. "டிக்" என்று ஒரு சத்தம். விரல் சொடுக்கின அளவுதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீரோ" என்றார் ரீச்சர், "புகை நிண்டிட்டுது."

பின்னேரம் எஞ்சின் ஆறிய பிறகு அதன் இரும்பு உடலான புளொக்கின் பக்கச் சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் கசிந்தது. அப்பா விரலால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி கசிந்தது. மயிர் அளவு கோடு, என் கையால் ஒரு சாண் நீளம். புளொக்கை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அதன் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்திருந்தது.

"அம்மா, புளொக் வெடிச்சிட்டுது" என்றார்.

ரீச்சர் வந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். தகப்பனின் கார். அவருடைய கண் கலங்கியதை நான் கண்டேன். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, மிகவும் அன்பான குரலில் சொன்னார்: "பரவாயில்லை. நீர் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே. நான் உம்மை ஒண்டும் நினைக்கமாட்டன்."

அப்பா கழற்றிய நட்டுகளைப் பொறுக்கினார்.

அந்த மன்னிப்பு எங்களுக்கு முதல் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. மருதனார்மடம் சந்தையில் மரக்கறிக்காரி அம்மாவிடம் சொன்னா: "உன்ரை மனுசன் ரீச்சரின்ரை காரைப் பச்சைத்தண்ணி விட்டு வெடிக்கப் பண்ணிப்போட்டாராம். மனுசி ஒரு வார்த்தை ஏசேல்லையாம். வேறை ஆக்களெண்டாப் பொலிசுக்குப் போயிருப்பினம். தங்கமான மனுசி." ரீச்சர் பழி சொல்லித் திரியவில்லை. கேட்டவர்களுக்கு எல்லாம் "அவர் பாவம், அவசரத்திலை செய்துபோட்டார், அவரை ஒருத்தரும் குறை சொல்லாதேங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரு மெக்கானிக்கை முடிக்க அதைவிடப் பொல்லாத வசனம் இல்லை. சுட்ட எஞ்சினுக்குப் பச்சைத்தண்ணி விடுகிறவன் என்று பெயர் எடுத்தால் யார் கூப்பிடுவார்கள்? வேலை தெரிந்தவன் செய்யாத பிழை அது. பழகுகிற பெடியள்கூடச் செய்யமாட்டார்கள்.

தெல்லிப்பழையிலிருந்து ஒரு பெரியவர் வந்து, அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்த கார்த் திறப்புச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். "குறை நினையாதையும். மகன் வேறை ஆள் பாத்திட்டான்." அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். அதற்குப் பிறகு யாரும் திறப்பு வாங்கவும் வரவில்லை.

"ஏனப்பா சொல்லேல்லை நீங்கள்?" என்று கத்தினேன்.

"ஆர் நம்புவினம்?"

"நான் கண்டனான். நான் சொல்லுறன்."

"நீ என்ரை பிள்ளை. உன்னை ஆர் நம்புவினம்?" பிறகு சொன்னார்: "அவ பொய் சொல்லேல்லை, பிள்ளை. அவவுக்கு அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கு. தான் குடுத்தது கெடுதல் செய்யும் எண்டு அவவுக்கு நினைக்க வராது."

நான் தனியாக ரீச்சர் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். முற்றத்தில் நின்றுகொண்டு சொன்னேன்: "ரீச்சர், தண்ணி விட்டது நீங்கள். அப்பா வேண்டாமெண்டு சொன்னவர்."

ரீச்சர் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "உமக்கு அப்பாவிலை நல்ல பாசம். அது நல்ல குணம். நான் அவரிலை கோவமில்லை எண்டு சொல்லும். நில்லும் பிள்ளை, வாறன்." உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து நீட்டினார்.

வாங்கினேன்.

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. நான் அதை வாங்கினேன். கை தன்பாட்டில் நீண்டு வாங்கியது. அவருடைய கை தரப் பழகியது போல என் கை வாங்கப் பழகியிருந்தது. கொக்குவில் ஸ்ரேசனடியில் மாட்டுக்கு முன்னால் அந்தச் சீப்பை எறிந்துவிட்டு அழுதுகொண்டு வந்தேன்.

அப்பா எஞ்சினை இறக்கி எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். தானே திருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டிருந்தார். எனக்கு அப்பாவிலும் ஆத்திரம் வந்தது. "செய்யாத பிழைக்கு ஏன் வேலை செய்யிறியள்? அது துருப்பிடிச்சுக் கிடக்கட்டும்."

"எஞ்சின் என்ன பிழை செய்தது?" என்றார்.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு கொக்குவிலில் இருந்த லேத் பட்டறைக்குப் போனோம், முகத்தைச் சீவி மட்டமாக்க. லேத் வைத்திருந்தவர் அப்பாவை முன்பின் அறியாதவர். ஹெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புளொக்கும் வெடிச்சிருக்குமே?" என்றார். அப்பா ஓமென்று தலையாட்டினார். "ஆர் ஐசே இதுக்குப் பச்சைத்தண்ணி விட்ட விசரன்?"

"நடந்திட்டுது அண்ணை" என்றார் அப்பா. நான் வெளியே போய் வீதியில் நின்றேன்.

வார்ப்பிரும்பு வெடிப்பை நெருப்பு வைத்து ஒட்டப் போனால் இன்னும் வெடிக்கும். அப்பா தைத்தார். வெடிப்பின் இரண்டு நுனியிலும் முதலில் ஒவ்வொரு துளை போட்டார், கோடு மேலே ஓடாமல் இருக்க. பிறகு கோட்டின் மேல் ஒரு துளை, அதற்கு மரை வெட்டி ஒரு செம்புக் கம்பியைத் திருகி இறக்கி, மட்டமாக அறுத்தார். அடுத்த துளை முதல் கம்பியில் பாதியைத் தின்றுகொண்டு இறங்க வேண்டும். அதற்குள் அடுத்த கம்பி. அப்படியே ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு ஒரு சாண் தூரம். ஒரு துளை சரிந்தால் எல்லாம் போச்சு. மூன்று மாதம் எடுத்தது. உள்ளே தண்ணீர் வழிகளை வளைந்த கம்பியால் சுரண்டியபோது ஒரு பெரிய கிண்ணம் நிறைய வெள்ளைக் கல் விழுந்தது. ஊரிலேயே திறமான தண்ணீரின் கல்.

நான் பல்கலைக்கழகத்தில் உலோகம் பற்றி நாலு வருடம் படித்தேன். அந்தத் தையலைவிடச் சுத்தமான ஒன்றை இன்றைக்கும் கண்டதில்லை. மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிறேன். செய்தவர் யார் என்றும் சொல்கிறேன்.

எஞ்சினை ஏற்றிய அன்று அப்பா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கானில் மழைத்தண்ணீர் கொண்டுபோனார். மாரி மழைக்குக் கூரைப் பீலியில் பிடித்து வைத்தது. ரீச்சர் படியில் நின்று பார்த்தார். "ஏன் தண்ணி காவிக்கொண்டு வந்தனீர்? இஞ்சை கிணறு கிடக்கெல்லே. நில்லும், நான் அள்ளித் தாறன்."

"வேண்டாமம்மா" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். "உங்கடை தண்ணி எஞ்சினுக்குக் கூடாது."

அந்த வளவில் அப்பா எதையும் வேண்டாமென்று சொன்னது அதுதான் முதல் தடவை. கார் முதல் திருப்பிலேயே வேலை செய்தது. தையலில் ஒரு பொட்டு ஈரமில்லை. ரீச்சர் ஊருக்குச் சொன்னார்: "பிழை விட்டாலும் திருத்திப்போட்டார். ஆக்களுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்க வேணும்." பழைய கார்க்காரர்கள் திரும்பி வரவில்லை. அப்பா தண்ணீர் இறைக்கும் மெசினும் மோட்டார்சைக்கிளும் திருத்தத் தொடங்கினார்.

மூன்று வருடத்துக்கு முன் ரீச்சர் காரை விற்க முடிவெடுத்தார். கண் மங்கிவிட்டது, ஓட முடியவில்லை. பழைய கார் சேர்க்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வாங்க வந்தார். எஞ்சினைப் பார்க்கும்போது புளொக்கில் வரிசையாகத் தெரிந்த செம்புப் பொட்டுகளைக் கண்டிருக்கிறார். இதைச் செய்த ஆளைப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்றிருக்கிறார். வேறு வழியில்லாமல் ரீச்சர் அவரையே ஓடவிட்டு, அந்தக் காரிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஒழுங்கைக்குள் அவர் வந்தது அதுதான் முதலும் கடைசியும்.

அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு என் காதில் சொன்னா: "ஓடிப்போய்ச் சந்தியிலை ரெண்டு சோடா வாங்கிக்கொண்டு வா. உடையாத போத்திலாய்."

எங்கள் வீடுகளுக்கு அப்படியான ஆட்கள் வந்தால் சோடாதான். மூடி உடைக்காத போத்தில். நாங்கள் கை வைத்த தண்ணீர் அவர்கள் வாய்க்குப் போகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதைக் கேட்காமலே, சொல்லாமலே நடத்தி முடிப்பதற்குச் சோடா.

நான் போகவில்லை. எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளி, வடித்து, இரண்டு சில்வர் தம்ளரில் நிரப்பிக் கொண்டுவந்து இருவருக்கும் முன்னால் வைத்தேன். கொழும்புக்காரர் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நல்ல வெயில்.

"ஐயா, இப்பிடி ஒரு வேலை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றார் அப்பாவிடம். "இது எப்பிடி வெடிச்சது?"

அப்பா வாய் திறக்க முதல் ரீச்சர் சொன்னார்: "அது பழைய கதை. இவர் பாவம், அவசரத்திலை தண்ணி விட்டிட்டார். நான் அண்டைக்கே மறந்திட்டன்."

நான் எழும்பினேன். அப்பா கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார். கொழும்புக்காரரைப் பார்க்கவில்லை, ரீச்சரைத்தான் பார்த்தார்.

"அம்மா, தண்ணி விட்டது நீங்கள்."

சத்தம் போடவில்லை. நட்டு மரை அளவைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "நான் வேண்டாமெண்டு சொன்னனான். என்ரை பிழை என்னெண்டா, நான் வாளியைப் பிடிக்கேல்லை. பிடிச்சிருக்க வேணும். கை வந்தது. பிடிக்கேல்லை."

ரீச்சர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நடிக்கவில்லை. எதையோ தேடுகிறவர் போல இருந்தார். தேடியது கிடைத்தும் இருக்க வேண்டும், முகம் மெல்ல மாறியது. பிறகு கேட்டார்:

"ஏன் பிடிக்கேல்லை? நான் உம்மை எப்பவாவது பிடிக்க வேண்டாமெண்டு சொன்னனானோ?"

இல்லை. சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. இருபது வருடக் கதை முழுவதையும் தேடினாலும் அப்படி ஒரு வசனம் அகப்படாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் பதில் இருந்தது, அதைச் சொல்ல ஒரு சொல் இருக்கவில்லை.

ரீச்சரின் தம்ளர் விளிம்பு தளும்ப அப்படியே இருந்தது.

"ரீச்சர், தண்ணியைக் குடியுங்கோ" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. நான் வீட்டை குடிச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

யோசிக்க முதலே வந்த பதில். பழகிய வாய். கொழும்புக்காரர் தன் வெறும் தம்ளரைப் பார்த்தார், ரீச்சரின் தம்ளரைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார்.

"அதாலைதான் அப்பா வாளியைப் பிடிக்கேல்லை" என்றேன்.

ரீச்சருக்கு விளங்கியது. கெட்டிக்கார மனுசி, விளங்காமல் போகாது. காப்புப் போட்ட அந்த வலது கை மடியிலிருந்து எழும்பித் தம்ளரை நோக்கி வந்தது. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றா. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், குடிக்கட்டும் என்று உள்ளே ஏதோ கெஞ்சியது. எனக்கே வெட்கமான கெஞ்சல்.

கை, தம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

காரை அந்தக் கொழும்புக்காரர் வாங்கினார். இப்போதும் ஓடுகிறதாம், தையலில் ஈரமில்லையாம். அப்பாவுக்கு இடைக்கிடை தொலைபேசி எடுப்பார்.

ரீச்சரின் மகளுக்கு இதை அனுப்புகிறேன். நினைவு மலரில் இவ்வளவுக்கும் இடம் இருக்காது. ஒரு வரிக்கு இடம் இருந்தால் இதைப் போடட்டும்: அன்றைக்குத் தண்ணீர் விட்டவர் ரீச்சர்.